இடது கீழ்வரிசையில் இரண்டு பற்கள்

மருத்துவமனைத் தெருவில் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் இரும்பு மாடிப்படி ஏறினால் நீளமான அறை ஒன்று வரும். அந்த அறையில் உட்கார்ந்து முப்பத்தோரு வருடங்களாக மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள் பல்லக்கா. அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கம்பவுண்டர் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் அண்ணனின் பேரப்பிள்ளைகள்கூட பல்லக்கா என்றுதான் கூப்பிட்டன. முறைப்படி அவள் அவர்களுக்கு அக்கா ஆகமாட்டாள் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கீழே டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து மேலே அனுப்புவார். பல்லக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றி அந்த வாயின் நகலை எடுப்பாள். மெழுகில் ஈறு கட்டுவாள், ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள், மேலும் கீழும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்ப்பாள், கடைசியில் சுழலும் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவாள். ஆளை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் இவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர், இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தப்பியது கிடையாது.

ஐம்பத்தாறாவது வயதில் அவளுடைய வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. சின்னதாக ஒரு அறுவைச் சிகிச்சை செய்து கட்டுப் போட்டு எட்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத அவள் முதல் வாரத்திலேயே மிக்சியைக் கழற்றி இடது கையால் சுத்தம் செய்து, திரும்ப மாட்டத் தெரியாமல் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்தார்.

அண்ணன் நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஊரில் நடக்கும் எல்லாக் கூட்டங்களுக்கும் நாற்காலி அவருடையது; ஆகவே எல்லாக் கூட்டங்களிலும் முதல் வரிசையில் ஒரு நாற்காலியும் அவருடையது. நகர நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். அதன் முன்சுவரில், நூறு வருடங்களுக்கு முன் நடந்த பெரும்போருக்கு அந்த ஊரிலிருந்து போனவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிப்பதாகத் தீர்மானம். கொள்ளுத்தாத்தாவின் பெயரை அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"படைப் பதிவேட்டுல இருந்து ஒரு நகல் வேணுமாம். சும்மா வாயால சொன்னா போதாதாம். நீ வீட்ல சும்மாதானே இருக்க, போய் வாங்கிட்டு வந்துடேன்," என்றார்.

"சும்மா இல்லண்ணா. கை சரியாகணும்னு இருக்கேன்."

"காகிதம் வாங்க எந்தக் கையா இருந்தா என்ன?"

அவர்கள் குடும்பத்தை அந்தப் பகுதியில் பட்டாளத்தார் வீடு என்பார்கள். கொள்ளுத்தாத்தா போருக்குப் போய் ஒரு பதக்கத்தோடு திரும்பி வந்தவர். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். கொள்ளுத்தாத்தா போர்முனையில் கிடந்த காலத்தில், வயதான பெற்றோரை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கடல் கடந்த நாட்டில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கப்பல் ஏறிவிட்டவர். அதன்பின் அவரிடமிருந்து ஒரு வரி கடிதம் வரவில்லை. வீட்டில் யாராவது பொறுப்பைத் தட்டிக் கழித்தால் "கப்பல்காரன் புத்தி" என்று திட்டுவது நான்கு தலைமுறையாக வழக்கத்தில் இருந்தது. பல்லக்காவின் அண்ணன், தன் மகன் வேலைக்காக வேறு ஊருக்குக் குடிபோனபோது அதே வார்த்தையைச் சொல்லிவிட, இரண்டு வருடமாக அப்பனும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

பதக்கம் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தது. பல்லக்கா அதை வாங்கி, வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியால் விளிம்பைப் பார்த்தாள். தேய்ந்துபோன எழுத்துகளில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் ஐந்து இலக்க எண்ணும் இருந்தன. அந்த எண்ணை எழுதிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.

காப்பகத்தின் படிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். மேசைகள் பள்ளிக்கூடத்து மேசைகள் மாதிரி இருந்தன. மின்விசிறி காகிதத்தைப் பறக்கவிடாத வேகத்தில் மட்டும் சுற்றியது. கோப்பு எடுத்துக் கொடுக்கும் ஊழியர் மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். எதையாவது படிக்க வேண்டுமென்றால் கண்ணாடியைத் தேடி மேசை இழுப்பறையைத் திறப்பார். கண்ணாடி நெற்றிமேல்தான் இருக்கிறது என்று பல்லக்கா இரண்டாம் நாள் சொன்னாள். அதிலிருந்து அவர் அவளுக்குக் கொஞ்சம் வேகமாகக் கோப்பு எடுத்துக் கொடுத்தார்.

பதக்கத்தைப் பற்றி அவள் கேட்டதற்கு, "இது வீரத்துக்குக் குடுத்தது இல்லம்மா. போனவங்க எல்லாருக்கும் குடுத்தது," என்றார்.

"எங்கண்ணன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலையே."

"சொல்லாதீங்க. இங்க வர்றவங்க பாதிப் பேர் வீட்ல போய் சொல்றதில்ல."

மூன்றாம் முறை போனபோது கோப்பு வந்தது. பழுப்பேறிய பத்தொன்பது தாள்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் அதே ஐந்து இலக்க எண். கட்டுப் போட்ட கையால் தாளைப் புரட்ட முடியாததால் ஊழியர் பக்கத்தில் நின்று புரட்டிக் கொடுத்தார்.

முதல் தாள் படையில் சேர்ந்த நாளில் எழுதியது. வயது இருபத்து மூன்று, உயரம், மார்பளவு, அப்பாவின் பெயர், ஊர். கீழே பற்களுக்கு ஒரு கட்டம். மேல்வரிசை பதினாறு, கீழ்வரிசை பதினாறு என்று கோடு போட்டு, இல்லாத பல்லின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். இடது கீழ்வரிசையில் கடவாய்ப்பல் இரண்டு இல்லை. தினமும் பார்க்கிற கட்டம்தான் என்பதால் அவள் அதை ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை.

ஒன்பதாவது தாள் இரண்டு வருடம் கழித்து ஒரு படை மருத்துவமனையில் எழுதியது. குண்டு விழுந்த பள்ளத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவர், காயம் இல்லை, இரண்டு கைகளிலும் நடுக்கம், தூக்கம் இல்லை, கூப்பிட்டால் சில சமயம் பதில் இல்லை. ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு, இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். விடுப்பு முடிந்து திரும்பிய நாளும் அதிலேயே குறித்திருந்தது. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. அதன்பின் நடுக்கத்தைப் பற்றி எந்தத் தாளிலும் பேச்சு இல்லை. இன்னும் இரண்டு வருடம் போர்முனையில் இருந்திருக்கிறார். ஒருமுறை தொடையில் தோட்டா பட்டிருக்கிறது.

பதினெட்டாவது தாள் அவரை வீட்டுக்கு அனுப்பும்போது செய்த உடல் பரிசோதனை. அதிலும் பல் கட்டம் இருந்தது. ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. பக்கத்தில் ஒரு வரி: பற்கள் முப்பத்திரண்டு, ஒன்றும் குறையவில்லை.

பல்லக்கா ஊழியரை முதல் தாளுக்குத் திரும்பப் புரட்டச் சொன்னாள். பிறகு பதினெட்டுக்கு. பிறகு திரும்ப முதலுக்கு.

"எழுதினவன் கவனிக்காம எழுதியிருப்பாம்மா," என்றார் ஊழியர்.

"இல்லாத பல்லை இருக்குன்னு எழுதலாங்க. ஆனா இதுல பாருங்க, கடைசிப் பல்லுல சொத்தைன்னு குறிச்சிருக்கான். வாயைத் திறந்து பார்த்துத்தான் எழுதியிருக்கான்."

"வேற ஆளோட தாள் கலந்திருக்குமோ?"

தொடையில் பட்ட தோட்டாவின் தழும்பு அதே தாளில் இருந்தது. எண்ணும் அதேதான். உயரம் மட்டும் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது.

திரும்பும் வழியில் அவள் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இருபத்து மூணு வயசுல கீழ்க் கடவாய்ப்பல் ரெண்டு இல்ல. இருபத்தேழு வயசுல எல்லாம் இருக்கு. முளைக்குமா?"

"பால் பல்லுன்னா முளைக்கும். கடவாய்ப்பல் போனா நம்மகிட்டதான் வரணும். முளைக்கிறதா இருந்தா உனக்கும் எனக்கும் என்ன வேலை?"

"பக்கத்துப் பல் சாய்ஞ்சு இடத்தை மூடியிருந்தா?"

"இடம் மூடும். எண்ணிக்கை எப்படிக் கூடும்? யாரு பேஷண்ட்?"

"எங்க கொள்ளுத்தாத்தா."

டாக்டர் துண்டால் கையைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார். கை சரியாகி அவள் சீக்கிரம் வேலைக்கு வந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போனவர் வேறு, வந்தவர் வேறு என்றால் நடுவில் இரண்டு மாத விடுப்பு இருந்தது. ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் போய் நின்று, கூட இருந்தவர்கள் சந்தேகப்படாமல் இருக்க வேண்டுமென்றால் முகச்சாயல் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அந்த வருடம் காணாமல் போன ஒரே ஒரு ஆள் தம்பிதான். பல்லக்கா அன்று சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காப்பகம் திறக்கும்போது வாசலில் நின்றாள். இந்த முறை அவள் கேட்டது, வேலைக்காகக் கப்பல் ஏறியவர்களின் பதிவேடு.

"இந்த ஊர்ப் பேரும் இந்த வருஷமும் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே," என்றார் ஊழியர். மூன்று வருடத்துக்கு முன் கடல் கடந்த நாட்டிலிருந்து ஒரு பெண் இதே பதிவேட்டின் நகலைக் கேட்டு எழுதியிருந்தார். தன் குடும்பத்தார் யாராவது வந்தால் கொடுக்கும்படி ஒரு மின்னஞ்சல் முகவரியும் விட்டிருந்தார். அந்தக் கடிதம் பதிவேட்டின் உறையிலேயே செருகியிருந்தது.

பதிவேடு ஒரு கதவின் பாதி அகலம் இருந்தது. நூற்று நாற்பதாவது பக்கத்தில், தம்பியின் பெயர், அப்பா பெயர், ஊர். வயது இருபது என்று எழுதி, துறைமுக டாக்டர் பக்கத்தில் வேறு மையில் "பார்வைக்கு இருபத்தைந்து" என்று திருத்தியிருந்தார். அடையாளக் குறிப்பு என்ற கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: கீழ் இடது கடவாய்ப்பல் இரண்டு இல்லை. கைகளில் லேசான நடுக்கம், காய்ச்சலுக்குப் பிந்தையதாக இருக்கலாம். வேலைக்குத் தகுதி.

கப்பல் புறப்பட்டது, படைக்காரரின் விடுப்பு முடிய ஒன்பது நாள் இருந்தபோது.

ஊழியர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அந்த வரியை இரண்டு முறை படித்தார். "முப்பது வருஷமா இங்க இருக்கேன்," என்றார். பிறகு அவள் கேட்காமலேயே அந்தப் பக்கத்துக்கு நகல் எடுத்து வந்தார்.

கப்பல் சீட்டு வாங்கியிருந்தவர் தம்பி. தூக்கமில்லாமல், கை நடுங்க வீட்டுக்கு வந்தவர் அண்ணன். அந்த இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. கேட்டது அண்ணனா, தானாகச் சொன்னது தம்பியா, பெற்றோருக்குத் தெரியுமா, ஒன்றும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அண்ணன் தம்பியின் சீட்டில் கப்பல் ஏறினார், ஒன்பது நாள் கழித்து தம்பி அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போருக்குப் போனார். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஆள், இரண்டு வருடம் பழகியவன்போல் நடித்துக்கொண்டே அதைப் பழகியிருக்க வேண்டும். போர் உருமாற்றித் திருப்பி அனுப்பியவரை ஊரும் அண்ணன் என்றே நம்பியிருக்க வேண்டும்.

பல்லக்காவின் கொள்ளுத்தாத்தா அந்தத் தம்பி.

உறையிலிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அவள் எழுதினாள். இடது கையால் தட்டச்சு செய்ததால் நான்கு வரியும் தன் போன் எண்ணும்தான் எழுதினாள். மறுநாள் காலையிலேயே போன் வந்தது. அந்த நாட்டில் மருந்துக்கடை நடத்தும் பெண். வயது ஐம்பதை ஒட்டி இருந்தது. தமிழ் பேசினாள், ஆனால் சொல்லைத் தேடித் தேடி எடுத்தாள்.

"அக்கா, நீங்க நிஜமாவே அந்த வீடா? பட்டாளம் போனாரே அண்ணன், அவர் வீடா?"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தோம்மா. உங்க கொள்ளுத்தாத்தாவைப் பத்தி வீட்ல என்ன சொல்லுவாங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

"அதிகம் பேசமாட்டார்னு சொல்வாங்க. டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிப்பாராம். பிள்ளைங்க அதே மாதிரி செஞ்சு சிரிக்குமாம். ரயில் பாதை போடறப்ப பாறை உடைக்க வெடி வைப்பாங்கல்ல, அந்த வேலைக்கு மட்டும் போகவே மாட்டாராம். அடிச்சாலும் போகமாட்டாராம்."

"அப்புறம்?"

"முதல் பிள்ளைக்கு அவங்க அண்ணன் பேரை வெச்சார். விட்டுட்டு வந்த அண்ணன் மேல அவ்வளவு பாசம்னு சொல்வாங்க."

பல்லக்கா நகல்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு முதல் தாளில் தொடங்கி, பல் கட்டம், மருத்துவமனை, விடுப்பு, கப்பல், துறைமுக டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரலை ஏற்றி இறக்காமல், டாக்டரிடம் ஒரு கடியின் அளவு சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ மருந்து கேட்கும் சத்தமும், கொஞ்சம் இருங்கள் என்று அந்தப் பெண் சொல்வதும் கேட்டது.

"அப்ப அது அவரோட சொந்தப் பேரா?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"ஆமா."

"பிள்ளையைக் கூப்பிடறப்ப எல்லாம்..." என்று ஆரம்பித்தவள் பேச்சை மாற்றினாள். "ஏன்க்கா ஒரு கடுதாசிகூடப் போடல? தம்பிக்காவது போட்டிருக்கலாமே," என்றாள்.

"யார் பேருக்குப் போடுவாரு? உறையில எழுத வேண்டியது அவர் பேரையேதானே. படையில கடிதத்தைப் பிரிச்சுப் படிப்பாங்க. மாட்டினா தம்பியை நிக்கவெச்சு சுட்டிருப்பாங்க."

அண்ணனிடம் சொல்வதற்குப் பல்லக்கா நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். அவர் கடையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, இரண்டு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். நகல்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"பல்லை வெச்சு ஒரு குடும்பத்தோட கதையையே மாத்தறியா?"

"நான் மாத்தலண்ணா. பல்லு மாறியிருக்கு."

"நம்ம தாத்தாவோட அப்பா பட்டாளத்துக்கே போகலைன்னு சொல்ற."

"போனாரு. ரெண்டு வருஷம் இருந்தாரு, தோட்டா வாங்கினாரு. பேர்தான் அவரோடது இல்ல."

அண்ணன் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். ஒரு வாடிக்கையாளர் வந்து ஐம்பது நாற்காலி கேட்டார். அண்ணன் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார். அவர் அப்படி அனுப்பி பல்லக்கா பார்த்ததில்லை.

"அப்பா ஒண்ணு சொல்வாரு," என்றார் கடைசியில். "அந்தப் பதக்கத்தைக் கொள்ளுத்தாத்தா ஒரு நாளும் குத்திக்கிட்டதே இல்லையாம். யாராவது பட்டாளத்துக் கதை கேட்டா எழுந்து போயிடுவாராம். தன்னடக்கம்னு சொல்லிட்டிருந்தோம்."

"இருக்கலாம். அதுவும் இருக்கலாம்."

"அந்த இன்னொருத்தர்... அவரை எத்தனை திட்டு திட்டியிருக்கோம்."

"யாரை?"

குடும்பமே திட்டியது கப்பலில் போனவனை. ஆனால் திட்டும்போது சொன்ன தம்பியின் பெயர், திரும்பி வந்து அதே வீட்டில் நாற்பது வருடம் வாழ்ந்தவருடையது. அதை அவர் காதுபடச் சொல்லியிருப்பார்கள், அவர் பெற்ற பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள். அவர் மறுத்ததாக யாரும் கேள்விப்படவில்லை.

நூலகக் குழுவின் செயலாளரைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அவர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி, பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "பதிவேட்டில் இருக்கிற பேரைத்தான் போட முடியும். நீங்க சொல்றது உண்மையா இருந்தா ஒருத்தர் படையை விட்டு ஓடினவர், ஒருத்தர் ஆள் மாறாட்டம் பண்ணினவர். ரெண்டு பேருமே பட்டியல்ல வரமாட்டாங்க. தகராறு இருக்கிற பேரை நீக்கணும்னு விதி. எழுத்துல குடுக்கறீங்களா?" என்றார்.

பல்லக்கா அண்ணனைப் பார்த்தாள். மேடையில் பேசினால் இறங்கவே மாட்டார் என்று பேர் வாங்கிய அண்ணன், மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க," என்றார். "பேர் இருக்கட்டும். அந்தப் பேர்ல எங்க வீட்ல ரெண்டு பேர் போயிருக்காங்க, அவ்வளவுதான்."

அந்த நகல்களைச் செயலாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தான் அவற்றைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணன் தன் மகனுக்கு போன் செய்ததாக அண்ணி பிறகு சொன்னாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அங்கே மழையா, குடிதண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டார். பத்து நிமிடம் பேசினார். கொள்ளுத்தாத்தா கதையைச் சொல்லவே இல்லை.

நூலகம் திறந்த மாதம் மருந்துக்கடைக்காரி வந்தாள். விமான நிலையத்தில் அவளை அடையாளம் காண ஒரு சிரமமும் இருக்கவில்லை. கீழ்த்தாடை பல்லக்காவின் அண்ணனுடையதைப் போலவே சற்று முன்னால் தள்ளியிருந்தது. பல்லக்கா அதைத்தான் முதலில் பார்த்தாள். நூலகச் சுவரில் நாற்பத்தெட்டுப் பெயர்களில் இருபத்தோராவதாக அந்தப் பெயர் இருந்தது. மருந்துக்கடைக்காரி அதற்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள், பிறகு தன் அப்பாவுக்கு போன் செய்தாள், அவருக்குக் காது மந்தம் என்பதால் நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து அண்ணன் தன் வழக்கப்படி, பெரிய வீட்டு வாரிசு என்ற முறையில் குடும்ப வரலாற்றை ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் பல்லக்கா குறுக்கிட்டாள்.

"அண்ணா, மூத்தவர் கப்பல்ல போனவரு. பெரிய வீடு அவங்க. நாம சின்ன வீடு."

அந்தக் கணக்கு அதுவரை அண்ணனுக்குத் தோன்றியிருக்கவில்லை. தட்டு எடுக்க வந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"சின்ன வீடுன்னு சொல்லாத, வேற அர்த்தமாயிடும்," என்றார் அண்ணன். "இளைய வீடுன்னு சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து, தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "நீ சொல்லும்மா. உங்க பக்கத்துக் கதையைச் சொல்லு," என்றார் விருந்தாளியிடம்.

அவள் சொல்லத் தொடங்கினாள். ரயில் பாதை முடிந்தபின் அந்த மனிதர் ஒரு சிறிய நிலையத்தில் கைகாட்டி விளக்குத் துடைக்கும் வேலையில் சேர்ந்து, முப்பது வருடம் அதையே செய்து, எழுபத்தோராவது வயதில் இறந்தார். நடுங்கும் கையால் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை என்று நிலைய அதிகாரி எழுதிக் கொடுத்த தாள் ஒன்று அவர்களிடம் இருந்தது. இங்கே தம்பி அதற்கு ஐந்து வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். அது கப்பலில் போன மூத்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மணிக்கட்டுக் கட்டைப் பிரித்து பல்லக்கா வேலைக்குத் திரும்பிப் பல மாதம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவள் விடவில்லை. கேட்டது யார், கொடுத்தது யார்? படை மருத்துவமனையில் மூத்தவரிடம் பேசிய டாக்டர் ஏதாவது எழுதி வைத்திருக்கலாம் என்று காப்பக ஊழியர் சொன்னதால், அந்த மருத்துவமனையின் பழைய ஏடுகளைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக் முகவரிக்கு வந்தது. குறிப்பிட்ட ஆண்டின் ஏடுகள் மழைநீர் புகுந்து அழிந்துவிட்டன, வருந்துகிறோம் என்று மூன்று வரி.

அவள் நின்றபடியே படித்தாள். மருந்துக்கடைக்காரிக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு கடிதத்தை மற்ற நகல்களோடு பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு ஒரு முழுச் செட்டு கொடுக்க வேண்டியிருந்தது. மெழுகு இளகியிருந்தது, மேல்வரிசையின் நடுப்பல்லை எடுத்து நிறுத்தினாள்.